சபூர் செய்யச் சொல்வோருக்கு

மகனிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம் போய், "சபூர் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவதை நம்மவர்கள் இனியாவது நிறுத்த வேண்டும். மார்க்கத்துக்கு எதிராக இதைச் சொல்ல வரவில்லை. மார்க்கத்தின் ஒரு சொல்லை எடுத்து, தாம் செய்யாமல் விட்ட வேலைக்குத் திரையாகத் தொங்கவிட்டிருப்பவர்களுக்கு எதிராகவே சொல்கிறேன். அவர்களில் பள்ளிவாசல் நிருவாகிகள் இருக்கிறார்கள், அதிபர்கள் இருக்கிறார்கள், கதையும் கவிதையும் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இதை இந்தச் சஞ்சிகையில் எழுதுவதே பொருத்தம் என்று பட்டது.

நான் பேச வருவது ஓட்டிசம் உள்ள பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றி. அவர்களிலும் அடிக்கிற, கடிக்கிற, தலையைச் சுவரில் மோதுகிற, கையில் கிடைத்ததை எறிகிற பிள்ளைகளைப் பற்றி. இதே பிள்ளை ஐந்து வயதில் அடித்தால் ஊர் சிரிக்கும். தாய் இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். பதினைந்து வயதில் அவன் தாயைவிட உயரம். மீசை அரும்பி, தோள் அகன்று, தகப்பனையே தள்ளிவிடும் பலம் வந்துவிடும். பேச்சு மட்டும் நாலு சொல்லோடு நின்றிருக்கும். அப்போதுதான் ஊர் சிரிப்பை விட்டுவிட்டு ஆலோசனை சொல்லத் தொடங்குகிறது.

கொக்கிளாயில் படிப்பிக்கிறேன். 1984 இல் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் அலைந்து, போர் முடிந்த பிறகே சனங்கள் திரும்பி வந்த ஊர். கடலேரி முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் புல்மோட்டை, நம்மவர்களின் ஊர். வெளியிலிருந்து எவர் வந்தாலும் காணியைப் பற்றிக் கேட்பார்கள், கரைவலைப் பாட்டைப் பற்றிக் கேட்பார்கள், 2023 இல் கொக்குத்தொடுவாயில் வெளிப்பட்ட புதைகுழியைப் பற்றிக் கேட்பார்கள். கேட்க வேண்டியவைதான். எந்த வீட்டின் பின்னறைக் கதவு வெளிப்பக்கமாகத் தாழிடப்பட்டிருக்கிறது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. இரு கரையிலும் அப்படி வீடுகள் உண்டு. இக்கரையில் "பொறுத்துப் போ பிள்ளை, உன்ர விதி" என்பார்கள். அக்கரையில் "சபூர் செய் மகள், அல்லாஹ் சோதிக்கிறான்" என்பார்கள். இங்கே நூல் கட்டி விபூதி போடுவார்கள், அங்கே தண்ணீர் ஓதிக் கொடுத்து இஸ்ம் கட்டுவார்கள். தாயின் முழங்கையில் பதிந்த பல் அடையாளம் இரண்டு கரையிலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

வன்னியில் இதற்கு இன்னொரு விளக்கமும் கைவசம் உண்டு. பிள்ளை 2008, 2009 இல் பிறந்தது என்றால், "ஷெல் சத்தத்தில கலங்கின பிள்ளை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். போர் பிள்ளைகளுக்குச் செய்தது கொஞ்சமல்ல, அதை எவரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் ஓட்டிசம் ஷெல்லால் வருவதில்லை. மூளை உருவாகும் காலத்திலேயே தொடங்கும் ஒரு வேறுபாடு அது. பரம்பரைக் கூறுகளின் பங்கு அதில் பெரிது. 2009 இல் வெளியான ஆய்வொன்று இந்நாட்டின் அரைநகர்ப்புறச் சமூகமொன்றில் 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து, ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. அது போர்முனையல்ல. நோயின் பெயரைப் பிழையாகச் சொன்னால் மருந்தும் பிழைக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஷெல்லால் கலங்கியவன் என்றால் காலம் ஆற்றும் என்று காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருந்தே மூன்று வயதில் தொடங்க வேண்டிய பயிற்சி பதின்மூன்றிலும் தொடங்காமல் போகிறது.

விதியும் ஷெல்லும் போதாதபோது குற்றம் தாயின் தலையில் விழுகிறது. இது நமது ஊரின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். 1943 இல் லியோ கனர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதி இந்த நிலையை உலகுக்கு அறிமுகம் செய்தபோதே, பெற்றோரின் ஆறிப்போன சுபாவம் பற்றியும் ஒரு குறிப்பு வைத்தார். சிக்காகோவில் புரூனோ பெட்டல்ஹைம் அந்தக் குறிப்பை ஊதிப் பெருப்பித்து 1967 இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். தாயிடம் அன்பு கிடைக்காததால் பிள்ளை தனக்குள் கோட்டை கட்டிக்கொண்டது என்பது அதன் சாரம். இத்தனைக்கும் மூன்று வருடம் முன்னதாக, 1964 இல், தானே ஓட்டிசப் பிள்ளையொன்றின் தகப்பனான பேர்னாட் ரிம்லண்ட் இதற்குக் காரணம் உடலில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று வாதிட்டு நூல் வெளியிட்டிருந்தார். அன்பு போதாது என்றார் பேராசிரியர். நமது ஊர் "செல்லம் குடுத்துக் கெடுத்திட்டாள்" என்கிறது, அன்பு கூடிப்போச்சாம். இருவரும் விரலை நீட்டுவது ஒரே ஆளை நோக்கித்தான்.

எனக்கு இன்னொரு கூட்டத்தாரோடும் வழக்கு இருக்கிறது. ஏப்ரல் 2 ஆந் திகதி வந்தால் நீலப் பலூன் கட்டி, "இவர்கள் இறைவனின் பரிசு, சுவர்க்கத்துப் பூக்கள்" என்று பேசுகிறவர்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்களின் மேடைக்கு அழைக்கப்படுவது படம் வரைகிற பிள்ளை, திகதி சொன்னால் கிழமை சொல்கிற பிள்ளை. அடிக்கிற பிள்ளைக்கு மேடை இல்லை, அவனுடைய தாய்க்கும் இல்லை. 2011 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஓட்டிசம் உள்ள 1380 பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டபோது, 68 சதவீதமானோர் தம்மைப் பராமரிப்பவர் மீது ஏதோ ஒரு காலத்தில் கையோங்கியிருப்பதாகத் தெரியவந்தது. நூற்றுக்கு அறுபத்தெட்டு வீட்டில் நடப்பதைப் பரிசு, பூ என்று போர்த்தி மூடினால் அந்த வீட்டுத் தாய் என்ன செய்வாள்? கண்ணடியில் கன்றிய இடத்தைக் காட்டி, "கதவில பட்டது" என்பாள். பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் வாங்க எவளுக்குத்தான் மனம் வரும்? இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். ஓட்டிசம் உள்ளவர்கள் ஆபத்தானவர்கள் என்று நான் சொல்லவில்லை. தெருவில் போகிற எவரையும் தேடி அடிக்க இந்தப் பிள்ளைகள் வருவதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவரே அடி வாங்குகிறார், அது பெரும்பாலும் தாய்.

அந்த அடி என்ன என்பதுதான் கேள்வி. எட்வேர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரண்டு உளவியலாளர் 1985 இல் வெளியிட்ட கட்டுரையை ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். அடி, கடி, அலறல் எல்லாமே பிள்ளைக்கு ஒரு பலனைத் தருகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். கடினமான வேலையிலிருந்து விடுதலை கிடைக்கிறது, அல்லது பெரியவரின் கவனம் கிடைக்கிறது. அதே பலனை அடிக்காமல் கேட்டு வாங்கும் ஒரு வழியைக் கற்றுக்கொடுத்தபோது அடி குறைந்தது. கெட்ட குணம், ஜின், விதி ஒன்றும் அங்கே வரவில்லை. வாயில் சொல் இல்லாத பிள்ளை கையால் பேசியிருக்கிறது, அவ்வளவே.

பதின்ம வயதில் அவன் கையால் சொல்லக்கூடியவை ஏராளம். பல்வலி, காதுவலி, நாலு நாள் மலம் போகாத வயிறு, தூக்கமில்லாத இரவு. உடம்பில் புதிதாக நடப்பவற்றைப் பற்றி எவரும் அவனுக்கு விளக்கவில்லை. வலிப்பு நோய் ஓட்டிசம் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதல், பதின்ம வயதில் புதிதாகத் தொடங்குவதும் உண்டு. திடீரென்று சுபாவம் மாறிய பிள்ளைக்கு ஓதிப் பார்ப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து பாருங்கள், காதைப் பாருங்கள், டொக்டரிடம் காட்டுங்கள். பிறகு ஒலிபெருக்கி. கோயில் திருவிழாவோ கலியாண வீடோ கந்தூரியோ, நமக்குக் கொஞ்சம் சத்தம் என்றால் அவனுடைய காதுக்குள் அது ஆணி அடிப்பதாயிருக்கலாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் வாயை ஒரு வீட்டுக்காக வேறு திசைக்குத் திருப்பி வைப்பதால் எவருடைய தொழுகையும் முறிந்துவிடாது.

இங்கே ஒரு வீடு. பொடியனுக்குப் பதினைந்து வயது. பாடசாலை ஒன்று அவனைப் பன்னிரண்டாம் வயதில் "வீட்டில வச்சிருங்கோ" என்று அனுப்பிவிட்டது. 2016 முதல் இந்நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது அனுப்பியவர்களுக்குத் தெரியாததல்ல. போன வருடம் ஒரு மாலை அவன் தாயின் விரலை முறுக்கினான், எலும்பு வெடித்துவிட்டது. மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். ஒருவர் எங்கேயோ தூர இடத்தில் காப்பகம் உண்டு என்றார். இன்னொருவர், அதுவரை இரவில் காலைக் கட்டிவைக்கலாம், தடித்த கயிறு தோலை வெட்டாது என்றார். அவர் கொடியவரல்ல, அந்த வீட்டுக்கு அரிசி கொடுத்தவர். தாய் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "சேர், கட்டச் சொல்லினம். ராவில தண்ணி விடாய்ச்சா அவன் ஆரைக் கூப்பிடுவான்? அவனுக்குக் கூப்பிடத் தெரியாதே."

கயிறு கட்டப்படவில்லை. ஒரு கொப்பி வாங்கினோம். நாலு கோடு கீறி, நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று அவனுடைய அக்கா எழுதிவந்தாள். ஐந்து கிழமை. இதற்கு மனோதத்துவப் பட்டம் தேவையில்லை, எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை போதும். கொப்பியைப் பார்த்தபோது முதலில் தெரிந்தது இரவுச் சாப்பாடு. சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் அநேக நாட்களில் ரகளை. கன்னத்தைத் தானே அறைந்திருக்கிறான், எப்போதும் வலக் கன்னம். கடைவாய்ப் பல் குழி விழுந்து கிடந்தது. அடுத்துத் தெரிந்தது, ரேடியோ பாடும்போது அவன் அடித்தால் எல்லோரும் பதறி ரேடியோவை நிறுத்தியிருக்கிறார்கள். அடித்தால் சத்தம் நிற்கும் என்று நாங்களெல்லாம் சேர்ந்து அவனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம், அவனும் நன்றாகப் படித்திருக்கிறான். இன்னொன்று, தகப்பன் கடலால் வரும் நாட்களில் வீட்டின் ஒழுங்கு முழுக்க மாறுவது.

பல் பிடுங்கப்பட்டது. காதைப் பொத்திக் காட்டினால் உடனே ரேடியோ நிற்கும் என்று வழக்கப்படுத்தினார்கள். அவன் அடித்த பிறகல்ல, காதைப் பொத்தியதும். தகப்பன் வரும் நாளில் காலையிலேயே வள்ளத்தின் படத்தைச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். அன்றாடம் நடந்தது இப்போது கிழமைக்கு ஒன்றிரண்டு. முற்றாக நிற்கவில்லை. நின்றுவிட்டது என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும், ஆனால் பொய்யாகும்.

நிற்காத அந்த ஒன்றிரண்டு தடவைக்கும் தாய்க்கு வழி தெரிய வேண்டும். பிள்ளை கொதித்துவிட்டால் அது படிப்பிக்கும் நேரமல்ல. குரலைத் தாழ்த்து, சொல்லைக் குறை, ஒரு கை தூரத்துக்கு அப்பால் நில், கதவுக்கும் அவனுக்கும் நடுவே நிற்காதே, சின்னப் பிள்ளைகளை வெளியே அனுப்பு, கத்தி தேங்காய்த் துருவி போன்றவற்றை முன்கூட்டியே எடுத்து வை. சுற்றி நின்று ஆளாளுக்கு அதட்டுவது எரிகிற அடுப்புக்கு ஊதுவது. நாலு ஆம்பிளைகள் சேர்ந்து குப்புறத் தள்ளி முதுகில் ஏறி அமுக்குவதோ மூச்சை நிறுத்திவிடக் கூடியது. 2018 இல் கலிபோர்னியாவில் ஒரு பாடசாலையில் ஓட்டிசம் உள்ள 13 வயதுச் சிறுவன் நீண்ட நேரம் அப்படி நிலத்தோடு அமுக்கப்பட்டு, பின்னர் இறந்தான். அமுக்கியவர்கள் ரவுடிகளல்லர், ஆசிரியர்கள்.

பிரம்பைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பாடசாலையில் உடல் தண்டனையை 2005/17 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் தடுத்திருக்கிறது, ஆசிரியர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம், எல்லோரும் கடைப்பிடிக்கிறார்களா என்பது வேறு கதை. அடித்துத் திருத்தலாம் என்கிறவர்களிடம் ஒரு கேள்வி: கையால்தான் பேச வேண்டும் என்று ஏற்கெனவே நம்பியிருக்கும் பிள்ளைக்கு நீங்களும் கையாலேயே மறுமொழி சொன்னால் அவன் எதைக் கற்பான்?

மருந்து பற்றியும் இரு பக்கமும் தவறான எண்ணம் உண்டு. ரிஸ்பெரிடோன் 2006 இலும் அரிபிபிரசோல் 2009 இலும் ஓட்டிசப் பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கென அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டன. சில பிள்ளைகளுக்கு அவை உண்மையிலேயே உதவுகின்றன. உடம்பு ஊதும், தூக்கம் வரும், நிறையும் இரத்தமும் பார்த்துவர வேண்டும், டொக்டரைக் கேட்காமல் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. ஆனால் அவை ஓட்டிசத்துக்கான மருந்துகளல்ல, பல்வலிக்கான மருந்துகளுமல்ல. மருந்தே ஹராம் போலப் பேசுகிறவரும் மருந்தால் பொடியனை நாள் முழுக்கத் தூங்கவைத்தால் போதும் என்கிறவரும் அவன் என்ன சொல்கிறான் என்று கேட்காதவர்கள்.

கயிறு என்றதும் ஏர்வாடியை நினைக்காமலிருக்க முடியவில்லை. 2001 ஓகஸ்ட் 6 ஆந் திகதி அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டத்தில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் மனநலக் காப்பகமொன்றின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்களல்லர், வீட்டார். வேறு வழி தெரியாத வீட்டார். ஓட்டிசம் மனநோயல்ல என்று இங்கே எவரேனும் திருத்த வரலாம், சரிதான். சங்கிலிக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதன்பின் ஏர்வாடியின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடுத்தது.

நமது சஞ்சிகைகள் இஸ்லாமிய நாகரிகத்தின் பெருமையை எழுதும்போது, கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284 இல் எழுப்பிய மருத்துவமனையை விடுவதில்லை. மனம் பேதலித்தவருக்கும் அங்கே தனிப் பகுதி இருந்தது, இசை இருந்தது என்று எழுதுவோம். எதிர்னேயில் 1488 இல் கட்டிய மருத்துவமனையில் நீரோசை கேட்கவைத்துச் சிகிச்சை செய்தார்கள் என்றும் எழுதுவோம். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய நீரோசையைப் புகழ்கிற நாம் பக்கத்து வீட்டு அலறலுக்கு யன்னலைச் சாத்துகிறோம். பொறுப்புச் சாட்டப்படாதவர்கள் பற்றிய நபிமொழியையும் மிம்பரில் கேட்டிருக்கிறோம். அந்தப் பொடியனின் கணக்கில் எழுதப்படாது என்றால், எழுதுகோல் நமது கணக்கின் மேல்தானே நிற்கிறது?

எழுத்தாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நமது கதைகளில் வரும் "பைத்தியக்காரன்" எப்போதும் எதற்கோ குறியீடு. ஊரின் மனச்சாட்சி, அல்லது போரின் சாட்சி. 1990 ஒக்டோபர் வெளியேற்றத்தைப் பற்றி எழுதினோம், எழுதவே வேண்டும், இன்னும் எழுத வேண்டும். ஆனால் அந்த அகதி முகாம்களின் தடுப்புச் சேலைக்குப் பின்னால் இப்படியொரு பிள்ளையை வைத்துக்கொண்டு, பக்கத்துக் குடும்பம் ஏசுமே என்று இரவெல்லாம் அவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்த உம்மா நமது பக்கங்களுக்கு வரவில்லை. தமிழகத்தில் யெஸ். பாலபாரதி ஓட்டிசம் பற்றி எளிய நூலொன்றும், 'துலக்கம்' என்று ஒரு நாவலும் எழுதினார். குறியீடல்லாத ஒரு பிள்ளையைத் தமிழில் எழுத முடியும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது.

அரசாங்கத்தை விட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். வலது குறைந்தோர் உரிமைக்கென 1996 இல் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஐ.நா. சமவாயத்தை 2016 இல் உறுதிப்படுத்தினார்கள். காகிதத்துக்குக் குறைவில்லை. ஆனால் பிள்ளைகளின் மனநலத்துக்கென்று பயின்ற வைத்தியர் பெரிய நகரங்களில் இருக்கிறார், கொக்கிளாயில் இருப்பது பஸ் தரிப்பு. பொதுச் சனம் நிறைந்த பஸ்ஸில், சத்தத்துக்குப் பயந்து கடிக்கிற பொடியனை எப்படி ஏற்றுவது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை. கிளினிக் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஊருக்கு வர வேண்டும், வலயத்துக்கு வலயம் விசேட கல்வி அலகு பெயருக்கல்லாமல் பயிற்சி பெற்ற ஆசிரியரோடு இயங்க வேண்டும். இதற்குக் கையெழுத்து வாங்கும் வேலையைப் பள்ளிவாசல் நிருவாகமும் கோயில் பரிபாலன சபையும் சேர்ந்தே செய்யலாம். வேறு எதில் சேராவிட்டாலும் இதில் சேரலாம்.

அதுவரைக்கும் கேட்பது சின்ன விடயம். பொடியனுக்குப் பழக்கமான இரண்டு பேர், கிழமைக்கு நாலு மணித்தியாலம். தாய் குளிக்க, தூங்க, கடைக்குப் போக. மேலே சொன்ன அந்த வீட்டுத் தாயின் விரல் கோணலாகப் பொருந்திவிட்டது, திரும்ப எக்ஸ்ரே எடுக்க முல்லைத்தீவுக்குப் போக வேண்டும். போய்வர ஒரு முழு நாள். ஆறு மாதமாகப் போகவில்லை. அன்றைக்கு வந்து இருப்பதாக இதுவரை இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் வாடியில் மீன் நிறுக்கிறவர். மற்றவர் புல்மோட்டையிலிருந்து வந்து பழைய இரும்பு வாங்குகிற நானா, பொடியனுக்கு அவருடைய சைக்கிள் மணியில் விருப்பம். காலையில் இவர், பின்னேரம் அவர். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரைக்கும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.